ஸ்பான்சர்ஷிப் ஃபைல் ஓடிட்டு இருக்கும்போது விசிட்டர் விசால கனடா போய்ட்டு வரலாமா?

மழைக்காலம்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சைலண்டா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் பதிவு, தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. என் கணவர் கனடால பிராம்ப்டன்ல பிஆர், அதாவது நிரந்தரமா தங்க உரிமை வாங்கினவர். கல்யாணம் முடிஞ்சு 19வது நாள் அவர் ஃப்ளைட் ஏறிட்டார். அதுக்கப்புறம் பேப்பரெல்லாம் சேர்த்து எனக்கும் பிஆர் கேட்டு அவுட்லேண்ட்ல (கனடாவுக்கு வெளிய ப்ராசஸ் ஆகுற வகை) ஸ்பான்சர்ஷிப் போட்டு ஏஓஆர் (ஃபைல் கிடைச்சதுன்னு வர்ற லெட்டர்) வந்து மூணு மாசம் ஆச்சு. சைட்ல காட்டுற டைமைப் பார்த்தா இன்னும் எத்தனை மாசமோ. நான் ஸ்கூல் டீச்சர், ஏப்ரல் கடைசியில இருந்து ஜூன் ஆரம்பம் வரைக்கும் லீவு, அந்த நேரத்துல போய் அவரோட இருந்துட்டு வரலாம்னு ஆசை. ஆனா சொந்தக்காரங்க எல்லாம் விசிட்டர் விசா போட்டா பிஆர் ஃபைல் கெட்டுப்போயிடும்னு பயமுறுத்துறாங்க. இங்க ஒரு கன்சல்டன்ட்கிட்ட போனோம், அவர் இன்னும் ஒரு படி மேல போய் விசிட்டர் ஃபார்ம்ல பிஆர் அப்ளை பண்ணினதையே காட்டாதீங்க, கல்யாணம் ஆனதை மட்டும் போட்டு டூரிஸ்ட்னு போங்கன்னு சொல்றார். அதைக் கேட்டதுல இருந்து எனக்கு வயித்தைக் கலக்குது. யாராவது இப்படிப் போய்ட்டு வந்தவங்க இருக்கீங்களா?

வடக்குக்காற்று:
வாங்க மழைக்காலம். முதல்ல அந்த கன்சல்டன்ட் வாசல் பக்கம் திரும்பப் போகாதீங்க. உங்க பிஆர் ஃபைலும் விசிட்டர் ஃபைலும் யூசிஐங்கிற ஒரே கிளையன்ட் நம்பர்ல ஒரே சிஸ்டத்துல இருக்கு, ஆபீசர் ஒரு க்ளிக் பண்ணினா உங்க கல்யாண ஃபோட்டோ வரைக்கும் பார்த்துடுவார். விசிட்டர் விசாவோட ஐஎம்எம் 5257 ஃபார்ம்ல இதுக்கு முன்னாடி கனடாவுக்கு வரவோ தங்கவோ அப்ளை பண்ணியிருக்கீங்களான்னு நேராவே கேட்கிறாங்க, அதுல இல்லைன்னு டிக் பண்ணினா அது பொய். இமிக்ரேஷன் சட்டத்துல 40வது பிரிவு மிஸ்ரெப்ரசன்டேஷன், மாட்டினா 5 வருஷம் தடை, அந்த 5 வருஷத்துல பிஆருக்கும் அப்ளை பண்ண முடியாது. ஒன்றரை மாசம் பார்த்துட்டு வர ஆசைப்பட்டு அஞ்சு வருஷத்தைத் தொலைக்கணுமா?

இப்ப பயத்துக்கு வருவோம். ஃபைல் கெடாது. அதே சட்டத்துல 22(2)னு ஒரு துணைப்பிரிவு இருக்கு, டூயல் இன்டென்ட்னு சொல்வாங்க. ஒருத்தருக்கு நிரந்தரமா வரணும்னு எண்ணம் இருக்குங்கிறதுக்காக மட்டும் தற்காலிகமா வரக் கூடாதுன்னு சொல்ல முடியாது, ஆனா குடுத்த காலம் முடிஞ்சா கிளம்பிடுவார்னு ஆபீசருக்கு நம்பிக்கை வரணும், அவ்வளவுதான் விஷயம். அந்த "கிளம்பிடுவார்"ங்கிறதை நீங்கதான் பேப்பர்ல காட்டணும். விசிட்டர் விசா ரிஜெக்ட் ஆனாலும் அது தனி, ஸ்பான்சர்ஷிப் அது பாட்டுக்கு ஓடும்.

இன்னொண்ணு, 2023 மே மாசம் ஐஆர்சிசி (கனடா இமிக்ரேஷன் துறை), ஸ்பௌஸ் ஸ்பான்சர்ஷிப் போட்டவங்களோட விசிட்டர் விசாவை வேகமா பார்ப்போம்னு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடி ஃபேமிலி டைஸ் கனடால இருக்குன்னு சொல்லியே தட்டிவிடுவாங்க, இப்ப நிலைமை அவ்வளவு மோசமில்ல. ஃபீஸ் 100 டாலர். பயோமெட்ரிக் (கைரேகை, ஃபோட்டோ) 85 டாலர், ஆனா பிஆர் ஃபைலுக்கு ஏற்கனவே குடுத்து அது ப்ராசஸ்ல இருந்தா திரும்பக் குடுக்க வேண்டியதில்லை.

பொறுமைசாலி:
எனக்கு ஒண்ணு புரியல, ஒரு வருஷம் பொறுத்துக்க முடியாதா? நாங்கல்லாம் 2 வருஷம் ஃபோன்லயே குடும்பம் நடத்தினோம். இல்லேன்னா அவரே வந்து இங்க இருந்துட்டுப் போகட்டுமே. ரிஸ்க் எடுத்து என்ன சாதிக்கப் போறீங்க.

வடக்குக்காற்று:
பொறுமைசாலி அண்ணே, அவர் சிட்டிசன் இல்ல, பிஆர். பிஆரா இருந்துட்டு ஸ்பான்சர் பண்றவர் கனடால குடியிருக்கணும். லீவுல வந்து பார்த்துட்டுப் போறது தப்பில்ல, ஆனா வேலையை விட்டுட்டு வந்து மாசக்கணக்கா மாமியார் வீட்டுல உட்கார்ந்தா ஸ்பான்சர்ஷிப்பே ஆட்டம் காணும். சிட்டிசனா இருந்தா பொண்டாட்டிக்கு பிஆர் வந்ததும் திரும்பி வந்து குடியிருப்பேன்னு காட்டிட்டு வெளியில இருந்தே போடலாம், அது வேற கதை. அதோட 5 வருஷத்துல 730 நாள் உள்ள இருந்தாதான் அவரோட பிஆரே நிக்கும். நீங்க பொறுத்தீங்க சரி, எல்லாரும் பொறுக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையே.

பொறுமைசாலி:
சட்டம் பேசல தம்பி, மனசுல பட்டதைச் சொன்னேன். போகட்டும், நல்லபடியா போய்ட்டு வரட்டும்.

ஸ்கார்பரோ_மாமா:
பிள்ளை மழைக்காலம், பயப்பிடாதேங்கோ. என்ர மனுசியும் இப்பிடித்தான் வந்தவ, 2018ல. அப்ப இந்தக் கெதியான சமாச்சாரம் ஒண்டும் இல்லை, முதல் தரம் மறுத்துப்போட்டாங்கள், ரெண்டாந்தரம் போட்டுத்தான் கிடைச்சது. நாங்கள் ஒண்டையும் ஒளிக்கேல்லை, கடிதத்தில முதல் வரியிலயே இன்ன திகதியில ஸ்பொன்சர் போட்டிருக்கிறம், அது முடியும் வரைக்கும் ஒருக்கா பாத்திட்டுப் போக வாறன் எண்டுதான் எழுதினவ. ஏயர்போர்ட்டில அரை மணித்தியாலம் இருத்தி வைச்சுக் கேள்வி கேட்டவங்கள், பிறகு ஆறு மாசம் குடுத்தவங்கள். அது முடிய முதல் விசிட்டர் ரெக்கோட்டுக்கு (தங்கிற காலத்தை நீட்டித் தாற கடுதாசி) போட்டு நீட்டினம், நிக்கேக்கயே பிஆரும் வந்திட்டுது. அப்ப லாண்டிங் (பிஆர் ஆகிற கடைசிப் படி) எண்டால் நயாகராவில ரெயின்போ பிரிட்ஜால அமெரிக்காப் பக்கம் போய் திரும்பி இஞ்சால வந்து கடுதாசியில கையெழுத்து வைக்கவேணும். நான் காருக்குள்ள இருந்து செபம் சொல்லிக்கொண்டு இருந்தனான். இப்ப எல்லாம் ஒன்லைன் போர்ட்டலிலயே முடிஞ்சிடும், உள்ளுக்கு நிக்கிற ஆக்களுக்கு ஈமெயிலில இலத்திரனியல் கடுதாசியே வந்திடும்.

ஒண்டு மட்டும் சொல்லுறன், அவ வந்து நிண்ட காலத்தில வேலைக்குப் போகேல்லை. ஒரு தெரிஞ்ச கடைக்காரர் காசாத் தாறன் வாங்கோ எண்டு கேட்டவர், நான் மறுத்திட்டன். விசிட்டர் எண்டால் விசிட்டர்தான்.

டென்ஷன்_பார்ட்டி:
இடையில புகுந்து கேட்கிறேன் மன்னிக்கணும், நான் ஏற்கனவே ஸ்டடி பெர்மிட் முடிஞ்சு மனைவிகூட கால்கரில இருக்கேன், இன்லேண்ட் போட்டிருக்கு. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, ரெண்டு வாரம் ஊருக்குப் போய்ட்டு வந்தா என்ன ஆகும்?

வடக்குக்காற்று:
உங்களுக்கு இதே கேள்வி தலைகீழா இருக்கு ப்ரோ. இன்லேண்ட்ங்கிறது ஸ்பான்சர்கூட கனடாவுக்குள்ளயே சேர்ந்து வாழ்றவங்களுக்கான க்ளாஸ். வெளிய போறதே தடைன்னு இல்ல, ஆனா திரும்பி உள்ள விடுவாங்கன்னு கேரண்டி இல்ல, செல்லுபடியாகுற விசா கையில இல்லாம கிளம்பி அங்கயே மாட்டிக்கிட்டா அப்ளிகேஷனே ரிஜெக்ட் ஆகலாம். அதைவிடக் கொடுமை, இன்லேண்ட் ரிஜெக்ட் ஆனா அப்பீல் கிடையாது, ஃபெடரல் கோர்ட்டுதான். அவுட்லேண்ட்ல ரிஜெக்ட் ஆனா ஸ்பான்சர் 30 நாளுக்குள்ள இமிக்ரேஷன் அப்பீல் டிவிஷனுக்குப் போகலாம். அதனாலதான் பயணம் போக வேண்டியிருக்கும்னு தெரிஞ்சா உள்ள இருந்தாலும் அவுட்லேண்டே போடுங்கன்னு இங்க பழைய ஆளுங்க கத்திட்டே இருப்பாங்க. பாஸ்போர்ட்ல இருக்கிற விசா இன்னும் உயிரோட இருக்கான்னு முதல்ல பாருங்க, ஸ்டடி பெர்மிட் வேற, ஒட்டியிருக்கிற விசா வேற. அப்பா நல்லாகட்டும்.

மழைக்காலம்:
விசிட்டர் விசாவுக்குப் போட்டேன், சொல்லவே கஷ்டமா இருக்கு. ரிஜெக்ட். இமிக்ரேஷன் விதிகள்ல 179(b)யாம், தங்குற காலம் முடிஞ்சதும் கிளம்புவேன்னு நம்பிக்கை இல்லையாம், காரணம் கனடாவுல இருக்கிற குடும்ப உறவுன்னும் வர்ற நோக்கம்னும் போட்டிருக்கு. நான் ஃபார்ம்ல உண்மையைத்தான் டிக் பண்ணினேன், பிஆர் அப்ளை பண்ணினதைக் காட்டினேன். ஆனா கவர் லெட்டர் மட்டும் அந்த கன்சல்டன்ட் ஏற்கனவே அடிச்சுக் குடுத்திருந்ததையே போட்டுட்டோம், காசு குடுத்தாச்சேன்னு ஒரு நினைப்பு. இப்ப திரும்பப் படிச்சா எனக்கே சிரிப்பா வருது, அழுகையாவும் வருது. ஆறு மாசம் தங்கப் போறதாவும், நயாகரா அருவி, பான்ஃப், ஜாஸ்பர் எல்லாம் சுத்திப் பார்க்க ஆர்வமா இருக்கிறதாவும் எழுதியிருக்கார். கணவர்னு ஒரு வார்த்தை மூணாவது பத்தியிலதான் வருது.

வடக்குக்காற்று:
அப்ப ஆபீசரைக் குத்தம் சொல்ல முடியாதே தங்கச்சி. ஒரு பக்கம் பிஆர் ஃபைல் கண்ணுல தெரியுது, இன்னொரு பக்கம் லெட்டர்ல பான்ஃப் மலையைப் பார்க்கணும்னு ஆறு மாசம் கேட்கிறீங்க. எந்த டீச்சருக்கு ஆறு மாசம் லீவு தர்றாங்க? ஆபீசர் என்ன நினைப்பார்?

வருத்தப்படாதீங்க, விசிட்டர் ரிஜெக்‌ஷனுக்கு அப்பீல் இல்ல, ஆனா திரும்பப் போடலாம், எத்தனை நாள் காத்திருக்கணும்னு எதுவும் கிடையாது, மாத்திப் போட விஷயம் இருந்தா போதும். அதே பேப்பரைத் திரும்ப அனுப்பினா அதே பதில்தான். உங்க கணவர் அங்க இருந்தே 5 டாலர் கட்டி ஜிசிஎம்எஸ் நோட்ஸ் கேட்கலாம், உங்க சம்மதக் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் வேணும். அதுல ஆபீசர் உள்ள என்ன எழுதினார்னு வரும், ஒரு மாசம் கிட்ட ஆகும். உங்க கேஸ்ல நோட்ஸ் பார்க்காமலே என்ன கோளாறுன்னு தெரியுது, இருந்தாலும் கேட்டு வைங்க.

ஒருகப்_காபி:
என் மனைவிக்கு ரெண்டாவது தடவைல கிடைச்சுது. நாங்க மாத்தினது மூணே மூணுதான். ஆறு மாசத்தை அஞ்சு வாரமாக்கினோம், ஆபீஸ்ல லீவு சாங்ஷன் லெட்டர்ல இந்தத் தேதி திரும்ப ஜாயின் பண்ணணும்னு எழுதி வாங்கினோம், லெட்டர்ல 22(2)ன்னு பேர் சொல்லியே டூயல் இன்டென்ட்டைக் கேட்டோம். என் பே ஸ்டப்பு, என்ஓஏ (வருமான வரி நோட்டீஸ்), வீட்டு லீஸு, இன்விடேஷன் லெட்டர் எல்லாம் முன்னாடியும் இருந்துச்சு, அதெல்லாம் அவளை யார் பார்த்துக்குவாங்கன்னு காட்டும், அவ திரும்பிப் போவாங்கிறதைக் காட்டாது. நம்மாளுங்க பேங்க் பேலன்ஸை ஏத்தி ஏத்திக் காட்டுவாங்க, பிரச்சனை அங்க இல்லவே இல்ல.

அப்புறம் இதுக்கு முன்னாடி விசா மறுக்கப்பட்டதாங்கிற கேள்விக்கு இப்ப ஆமான்னு போடணும், மறந்துடாதீங்க. எந்த நாடு மறுத்திருந்தாலும் சொல்லணும், கனடாவே மறுத்ததையும் சேர்த்து.

மழைக்காலம்:
ரொம்ப நன்றி அண்ணா, காபி அண்ணாவுக்கும். இந்தத் தடவை லெட்டரை நானே எழுதினேன். இங்கிலீஷ் அவ்வளவு நல்லா வராது, ஆனா ஒரு பக்கத்துல முடிச்சேன். முதல் வரி ஏஓஆர் தேதியும் ஃபைல் நம்பரும், ரெண்டாவது, போன தடவை மறுத்தாங்க, அந்த லெட்டர்ல நோக்கம் சரியா சொல்லப்படல, இப்ப உண்மையைச் சொல்றேன்னு. மூணாவது, ஏப்ரல் 24ல இருந்து ஜூன் 4 வரைக்கும், ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள வரணும். ஹெச்எம் மேடம்கிட்ட லெட்டர் கேட்டேன், அவங்க என்ன எழுதணும்னு கேட்டு ஜூன்ல எனக்கு ஒதுக்கியிருக்கிற வகுப்பைக்கூட சேர்த்து எழுதிக் குடுத்தாங்க. போட்டாச்சு.

மழைக்காலம்:
22 நாள்ல பாஸ்போர்ட் கேட்டுட்டாங்க!!! ஸ்டாம்ப் ஆகி வந்துடுச்சு. மல்டிபிள் என்ட்ரி, பாஸ்போர்ட் முடியுற வரைக்கும் குடுத்திருக்காங்க. ஸ்டாஃப் ரூம்ல கத்திட்டேன்.

ஸ்கார்பரோ_மாமா:
ஆ, நல்ல செய்தி பிள்ளை. 2024 நவம்பரில இருந்து மல்டிபிள் எண்டது தானா வாறதில்லை, ஆபீசர் பாத்துத்தான் குடுக்கிறார், உங்களுக்குக் குடுத்தது பெரிய விசயம். வாறதுக்கு முதல் இன்சூரன்ஸ் எடுங்கோ. விசிட்டருக்கு ஒன்ராறியோவில ஓஹிப் (மாகாண அரசாங்க மருத்துவக் காப்பீடு) கிடையாது, எமர்ஜென்சிக்குப் போய் ஒரு இரவு கட்டிலில படுத்தாலே பில்லைப் பாத்துத் தலை சுத்தும்.

வடக்குக்காற்று:
ஏர்போர்ட்டுக்கு: ஏஓஆர், லீவு லெட்டர், ரிட்டர்ன் டிக்கெட், அவரோட பிஆர் கார்டு காப்பி, எல்லாம் கைப்பையில, செக்இன் பெட்டியில போட்டுடாதீங்க. விசா கிடைச்சதால உள்ள விட்டே ஆகணும்னு இல்ல, கடைசி வார்த்தை பார்டர் ஆபீசரோடது. கேட்டதுக்கு மட்டும் பதில், கேட்காததைக் கதையா ஆரம்பிக்காதீங்க, பொய் மட்டும் சொல்லிடாதீங்க. எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா கணவரைப் பார்க்க. பிஆர் இருக்கான்னு கேட்டா ஓடிட்டு இருக்கு, ஜூன் 4 கிளம்புறேன்.

மழைக்காலம்:
வந்து சேர்ந்தாச்சு, ரெண்டு நாளா தூங்கி எழுந்து இப்பதான் எழுதுறேன். டொராண்டோ பியர்சன் ஏர்போர்ட்ல முதல் கவுண்டர்ல ஒரு ஸ்லிப் குடுத்து உள்ள ஒரு ரூமுக்கு அனுப்பிட்டாங்க, என்கூட ஒரு முப்பது பேர் இருந்தாங்க, ஒரு குழந்தை விடாம அழுதுட்டே இருந்துச்சு. என் முறை வந்தப்ப ஒரு லேடி ஆபீசர், நல்லாதான் பேசினாங்க. கல்யாணம் எப்போ, அவர் என்ன வேலைன்னு கேட்டாங்க. பிஆர் ஃபைல் இருக்குன்னு ஸ்க்ரீன்ல பார்த்துட்டு, நீ இங்க இருக்கும்போது அது வரலைன்னா என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. நான் ப்ராக்டிஸ் பண்ணி வச்சதெல்லாம் மறந்து, போயிடுவேன் மேடம், ஜூன்ல ஸ்கூல் தொறக்குதுன்னேன். என்ன க்ளாஸ்னு கேட்டாங்க, ஏழாம் வகுப்பு மேத்ஸ்னேன். அந்தம்மா சிரிச்சுட்டு அந்த வயசுப் பசங்களையான்னு கேட்டாங்க. அதோட ஸ்டாம்ப்.

இப்ப ஒரு டவுட். வீட்டுக்கு வர்ற வழியில டிம் ஹார்ட்டன்ஸ்ல நிறுத்தினப்பதான் இவர் பாஸ்போர்ட்டைப் பிரிச்சுப் பார்த்தார், ஸ்டாம்புக்குக் கீழ பேனாவால ஜூன் 20னு எழுதியிருக்காங்க. விசா 2031 வரைக்கும் இருக்கே, அப்ப எது கணக்கு?

வடக்குக்காற்று:
பேனாதான் கணக்கு. விசா வந்து கதவுக்குச் சாவி மாதிரி, எந்தத் தேதி வரைக்கும் உள்ள வரலாம்னு சொல்லும், எத்தனை நாள் தங்கலாம்னு சொல்லாது. தங்குறதுக்குத் தேதி எழுதாம விட்டா உள்ள வந்த நாள்ல இருந்து 6 மாசம், ஸ்டாம்பே அடிக்காட்டியும் அதே 6 மாசம்தான். எழுதிட்டா எழுதினது. 2031ன்னு நினைச்சு உட்கார்ந்து ஸ்டேட்டஸ் போனவங்களை நான் நேர்லயே பார்த்திருக்கேன். தப்பித்தவறி தாண்டினா 90 நாளுக்குள்ள ரெஸ்டரேஷனுக்கு (போன ஸ்டேட்டஸைத் திரும்பக் கேட்கிறது) போடணும், அது தலைவலி. நீட்டணும்னா முடியுறதுக்கு 30 நாள் முன்னாடியே ஐஎம்எம் 5708 ஃபார்ம், 100 டாலர், முடிவு வர்ற வரைக்கும் மெயின்டெயின்ட் ஸ்டேட்டஸ்ல (பழைய அனுமதியே தொடரும்) இருக்கலாம்.

டென்ஷன்_பார்ட்டி:
இவ்வளவு தூரம் வந்துட்டாங்க, அப்படியே நீட்டிட்டு ஓப்பன் வொர்க் பெர்மிட் (யார்கிட்ட வேணும்னாலும் வேலை பார்க்குற அனுமதி) போட்டுடலாமே? அவுட்லேண்ட் போட்டவங்களுக்கும் இப்ப தர்றாங்களே.

வடக்குக்காற்று:
தர்றாங்க, 2023 மாற்றத்துக்கு அப்புறம் ஏஓஆர் வாங்கி கனடாவுக்குள்ள ஸ்டேட்டஸோட ஸ்பான்சர் கூட இருக்கிறவங்க போடலாம். சட்டப்படி தப்பே இல்ல, மனசு மாறினா மாறலாம். ஆனா பார்டர்ல ஜூன் 4ன்னு சொல்லிட்டு மறுவாரமே வேலைக்குப் போட்டா, அந்தப் பதிலை மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு சொன்னீங்கன்னு தோணும். வேலையை விட முடியுமா, அங்க அம்மா அப்பா யாரு பார்ப்பாங்க, இதெல்லாம் அவங்க வீட்டு முடிவு. நாம கீபோர்டுல உட்கார்ந்து சொல்றது ஈஸி.

மழைக்காலம்:
நாங்களும் அதைத்தான் நாலு ராத்திரி பேசினோம். வேலையை விட மனசில்ல, பிஆர் வர்ற வரைக்கும் அது இருக்கட்டும். இன்னொரு விஷயம், நேத்து மெடிக்கல் பண்ணச் சொல்லி லெட்டர் வந்துடுச்சு! நான் இங்க இருக்கேனே, ஊருக்குப் போய்தான் பண்ணணுமா?

ஒருகப்_காபி:
தேவையே இல்லம்மா, எந்த நாட்டுல இருந்தாலும் அங்க இருக்கிற பேனல் டாக்டர்கிட்ட (ஐஆர்சிசி அங்கீகரிச்ச டாக்டர்) பண்ணலாம், லிஸ்ட் ஐஆர்சிசி சைட்ல இருக்கு. லெட்டர்ல இருக்கிற ஐஎம்இ (மெடிக்கல்) நம்பர் மறக்காம எடுத்துட்டுப் போங்க. ரிசல்ட் 12 மாசம் செல்லுபடியாகும். இன்டர்வியூக்குக் கூப்பிட்டாதான் சிக்கல், அது ஊர்ப்பக்க விசா ஆபீஸ்ல வச்சா பறந்துதான் போகணும், எல்லாருக்கும் வர்றதில்ல.

மழைக்காலம்:
மிஸ்ஸிசாகால பண்ணிட்டேன், ரத்தம், யூரின், எக்ஸ்ரே, ஒரு மணி நேரம்கூட ஆகல. ஐஆர்சிசி வெப்ஃபார்ம்ல நான் ஜூன் 4 வரைக்கும் இங்க இருக்கேன்னும் ஒரு வரி போட்டு வச்சோம்.

மழைக்காலம்:
ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு. அங்க எக்ஸிட் ஸ்டாம்பெல்லாம் அடிக்கிறதில்ல, அதனால போர்டிங் பாஸ் ரெண்டையும் இங்க வந்து இறங்கின ஸ்டாம்ப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன், அடுத்த தடவை கேட்டா சொன்ன தேதிக்குக் கிளம்பினேன்னு காட்டலாம். நேத்து ஸ்பான்சர் எலிஜிபிள்னு அவருக்கு மெயில் வந்துச்சு, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல கத்தத் தெரிஞ்சதை அப்பதான் கண்டுபிடிச்சேன்.

பொறுமைசாலி:
நல்லா இருக்கட்டும்மா. டிசம்பர் லீவுக்கும் போவீங்களா?

மழைக்காலம்:
அதுக்குள்ள பிஆர் வரலைன்னா போவேன் அண்ணே, விசாதான் கையில இருக்கே. அரைப் பரீட்சை பேப்பர் திருத்திக் குடுத்துட்டு பத்து நாள் கிடைக்கும். அங்க வாங்கின ஜாக்கெட்டையும் பூட்ஸையும் எடுத்துட்டு வரல, பெட்டி 23 கிலோவுக்கு மேல போயிடுச்சு, ஏர்போர்ட்ல எடுத்து வெளிய வச்சோம். அவர் திரும்பக் கொண்டு போய் க்ளாஸட்ல தொங்கவிட்டிருக்கார்.

ஸ்கார்பரோ_மாமா:
டிசம்பரில அந்த ஏப்ரல் ஜாக்கெட் காணாது பிள்ளை. இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு மாமா சொல்லேல்லை எண்டு சொல்லாதேங்கோ.